பையைத் திறந்து காட்டுங்கோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வெண்டிக்குப் பூச்சி பிடிப்பதைப் பற்றி எழுதும்போது, "வெளிநாட்டு விமான நிலையத்தில் 16 வருடம் மற்றவர்களின் பையைக் கிண்டியவளுக்கு இலைக்கு அடியில் இருக்கிறது தெரியாதா" என்று ஒரு வரி வாய்தவறி விழுந்துவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுகூட வெண்டியைப் பற்றி இல்லை, எல்லாம் விமான நிலையச் சோதனையைப் பற்றித்தான். சரி, கேட்டதற்கே பதில் சொல்கிறேன். நான் வேலை செய்த இடத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். விலகும்போது கையெழுத்து வைத்துக் கொடுத்த தாள் ஒன்று இருக்கிறது.

கேள்வி: அக்கா, 2009 போரில் பட்ட ஷெல் பீஸ் (குண்டுச் சிதறல்) இரண்டு இன்னும் என் உடம்புக்குள் இருக்கின்றன. ஒன்று தோளில், மற்றது தொடையில். மகள் கனடாவுக்குக் கூப்பிடுகிறாள். விமான நிலையத்தில் மெஷின் கத்தினால் நான் என்ன சொல்வது? நினைத்தாலே நெஞ்சு அடிக்கிறது.
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

தங்கச்சி, இரண்டு விதமான வாசல் இருக்கிறது. ஒன்று கதவு நிலை மாதிரி நிற்பது. அது உலோகத்துக்கு மட்டும்தான் கத்தும். உங்கள் பீஸ் சிறிது என்றால் பேசாமல் விட்டுவிடும், பெரிது என்றால் கத்தும். மற்றது கண்ணாடிக் கூண்டு. கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று விநாடி நிற்கச் சொல்வார்கள். அதிலிருந்து வரும் அலை தோலில் பட்டுத் திரும்பிவிடும், உடம்புக்குள் போகாது. ஆகவே தசைக்குள் புதைந்திருப்பது அதற்குத் தெரியாது. உங்களுடைய படத்தையும் அது காட்டுவதில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவத்தைப் போட்டு, சந்தேகமான இடத்தில் ஒரு சதுரத்தைக் கீறிக் காட்டும்.

மணி அடித்தால் குற்றம் என்று அர்த்தம் இல்லை. ஒன்றுமே இல்லாதவருக்கும் இடைக்கிடை தானாக அடிக்கும்படிதான் அந்த வாசலை ஒழுங்கு செய்து வைத்திருப்போம். அடித்தால் பெண் ஒருவர்தான் உங்களைத் தடவிப் பார்ப்பார். எல்லாருக்கும் முன்னால் கூச்சமாக இருந்தால் தனி அறையில் வைத்துப் பாருங்கள் என்று கேட்கலாம். மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ கிளிநொச்சியிலோ எக்ஸ்றே எடுத்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். வழியில் டோஹாவிலோ டுபாயிலோ மாறினால் அங்கும் ஒருமுறை சோதிப்பார்கள். கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு நிற்காதீர்கள். இன்னொன்று, இதைவிட முக்கியம். கனடாவில் எப்போதாவது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால், அறைக்குள் போக முதலே பீஸ் இருப்பதைச் சொல்லிவிடவேண்டும். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். விமான நிலையத்து மெஷின் வெறுமனே கத்தும், அவ்வளவுதான்.

எங்கள் வரிசையில் ஒருநாள் ஒரு அம்மா வந்தா. வாசல் கத்தியது. நான் கையுறையோடு தடவிக்கொண்டு வர, முழங்கைக்கு மேலே, தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒன்று என் விரலுக்குக் கீழே நழுவியது. திரும்பவும் தொட்டேன். திரும்பவும் நழுவியது. என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்துவிட்டு, "அது ஊரில பட்டது பிள்ளை" என்றா. மேற்பார்வையாளர் என்ன என்று கேட்டான். அந்த நாட்டு மொழியில் "பழைய காயம்" என்றேன். படிவத்திலும் அதைத்தான் எழுதினான்.

கேள்வி: பரிசோதனைக்காக அனுப்பிய ஆட்கள் போலித் துப்பாக்கியோடு சோதனையைக் கடந்து போனார்களாம். அப்படியென்றால் இந்த வரிசை, பெல்ற் கழற்றுவது எல்லாம் வெறும் நாடகமா?
– உயர்தர மாணவன், கிளிநொச்சி

கேள்விப்பட்டது உண்மை, தம்பி. 2015 இல் வெளியான செய்தி அது. அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் தன்னுடைய ஆட்களையே பயணிகள் மாதிரி அனுப்பிப் பார்த்தது. போலி ஆயுதமும் போலி வெடிபொருளுமாக 70 தடவை போனார்கள். 67 தடவை அகப்படவில்லை. சோதனை அமைப்பின் பதில் தலைவரைத் தூக்கி வேறு இடத்தில் போட்டார்கள். தலைவரை மாற்றலாம், கண்ணை எப்படி மாற்றுவது?

அந்தத் திரைக்கு முன்னால் ஒருமுறை உன்னை இருத்திப் பார்க்க வேண்டும். இலேசான மூலகங்களால் ஆனதெல்லாம் செம்மஞ்சளாகத் தெரியும்: பாண், புத்தகம், சவர்க்காரம், செருப்பு. இரும்பு நீலம். இடையில் உள்ளவை பச்சை. வெடிமருந்தும் செம்மஞ்சள்தான், பனங்கட்டியும் செம்மஞ்சள்தான். ஒரு பைக்கு உனக்குக் கிடைப்பது சில விநாடி. பின்னால் 200 பேர், பக்கத்தில் கடிகாரம். ஐரோப்பிய விதிப்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக்கூடாது. ஆள் போதாத நாளில் அந்த 20 எத்தனையாக நீளும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, தேடுவது அங்கே இருப்பதே இல்லை. 16 வருடத்தில் நான் உண்மையான வெடிகுண்டை ஒருநாளும் காணவில்லை. 2005 இல் ஜெரமி வூல்ஃப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பார்த்தவர்கள் 7 வீதத்தைத்தான் தவறவிட்டார்கள். அதே பொருள் நூறு படத்துக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 வீதத்தைத் தவறவிட்டார்கள். ஆட்கள் அதேதான், கண்ணும் அதேதான். அடிக்கடி வராததைக் கண் எதிர்பார்க்காது. வயலில் களை பிடுங்குபவருக்கு இது விளங்கும். நெல்லுக்குள் கோரை நிறைய நிற்கும்போது ஒன்றும் தப்பாது. எங்கேயோ ஒன்று நிற்கும்போதுதான் காலுக்குள் மிதித்துக்கொண்டு போவோம்.

இதற்காக ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு தாத்தாவின் பைக்குள் கொம்பியூட்டரே ஒரு துப்பாக்கிப் படத்தைச் செருகிவிடும். நீ பொத்தானை அழுத்தினால், "இது பயிற்சிப் படம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள்" என்று காட்டும். அழுத்தாவிட்டால் அதையும் சொல்லிக் காட்டும். மாத முடிவில் புள்ளி வரும். நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆனால் ஒரு விடிகாலையில் மேலதிகாரிகள் உண்மையான கத்தியொன்றை ஒரு தடித்த புத்தகத்தோடு சேர்த்து அனுப்பினார்கள். நான் விட்டுவிட்டேன். படத்தைப் பிறகு எனக்கே போட்டுக் காட்டினார்கள். செம்மஞ்சள் கட்டியின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு, பளிச்சென்று. அன்று அது எனக்குப் புத்தகத்தின் முதுகாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் வகுப்பில் இருத்திவிட்டுத்தான் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள்.

நாடகமா என்றால், கொஞ்சம் நாடகமும் இருக்கிறது. ஆனால் வரிசையே இல்லாவிட்டால் எவனும் நல்ல பெரிய சாமானாகவே கொண்டு வருவான். வரிசை இருப்பதால் சப்பாத்துக்குள்ளும் உள்ளாடைக்குள்ளும் ஒளிக்கிற அளவுக்கு அதைச் சுருக்க வேண்டியிருக்கிறது. சுருக்கினது பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. அடுத்த கேள்வியும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: சப்பாத்தைக் கழற்று, தண்ணீரை ஊற்று என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒரு புது விதி. இதற்கெல்லாம் ஒரு காரணகாரியம் உண்டா?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், முழங்காவில்

உண்டு ஐயா. ஒவ்வொரு விதிக்கும் ஒரு திகதி இருக்கிறது, உங்கள் தபால் முத்திரை மாதிரி.

2001 டிசம்பர் 22, பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் தன் சப்பாத்துக்குத் தீப்பெட்டியால் நெருப்பு வைக்கப் பார்த்தான். பற்றவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் அமுக்கிப் பிடித்தார்கள். பிறகு அமெரிக்காவில் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில்தான் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். 2006 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தலில் திரவ வெடிபொருளைக் கொண்டுபோய் அத்திலாந்திக் கடலுக்கு மேலே பல விமானங்களை வெடிக்க வைக்கும் திட்டம் இலண்டனில் பிடிபட்டது. அதிலிருந்து 100 மில்லிலீற்றர். 2009 நத்தார் தினத்தில் டிட்ரோயிட்டுக்கு வந்த விமானத்தில் ஒருவனின் உள்ளாடை எரிந்தது, வெடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் மேலே சொன்ன கண்ணாடிக் கூண்டுகள் வேகமாகப் பரவின. இப்போது பையைச் சுற்றிச் சுற்றி முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கானர் வந்திருக்கிறது. அது வந்தால் திரவத் தடை போகும் என்றார்கள், சில இடத்தில் போகவும் செய்தது. பிறகு 2024 செப்ரெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 100 மில்லிலீற்றரைத் திரும்பவும் கொண்டுவந்தது.

பெட்டி போகும், ஆள் போகமாட்டார் என்ற ஓட்டை பழையது, நிறைய உயிர் குடித்தது. 1985 ஜூன் 23, எயார் இந்தியாவின் கனிஷ்க விமானம்: 329 பேர். பெட்டியைக் கொடுத்தவன் விமானத்தில் ஏறவே இல்லை. ரொறன்ரோவில் எக்ஸ்றே மெஷின் அன்றைக்குப் பார்த்துப் பழுதாகிவிட, கையில் பிடிக்கும் கருவியொன்றை வைத்து மிச்சப் பெட்டிகளைச் சோதித்தார்கள். 1988 டிசம்பர் 21, ஸ்கொட்லாந்தின் லொக்கர்பிக்கு மேலே வெடித்த பான் ஆம் விமானம்: 270 பேர். அங்கும் ஆளில்லாத பெட்டி என்றுதான் நீதிமன்றம் தீர்த்தது. ஐயா, இந்தக் கணக்கில் குண்டு வைத்தவர்களாக எங்கள் ஆட்களின் பெயரும் இருக்கிறது. 1984 ஓகஸ்டில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த பெட்டிகள் கொழும்பு விமானத்துக்கென்று கொடுக்கப்பட்டவை. 30 பேருக்கு மேல் செத்தார்கள். 1986 மே 3, கட்டுநாயக்கவில் தரையில் நின்ற எயார் லங்கா விமானத்தில் 21 பேர். எங்கள் பக்கங்களில் இதை எழுதுவதில்லை. நான் அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் இந்தப் பட்டியலைத் திரையில் போட்டார்கள். முழு வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

நேற்று நடந்ததை இன்று தேடுவது விமான நிலையத்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், வன்னிக்குப் பற்றரி தடை, சவர்க்காரத்துக்கும் அளவு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். என்னுடைய மாமி வவுனியாவிலிருந்து திரும்பும்போது பென்ரோச் பற்றரி நாலை ஒரு றாத்தல் பாணுக்குள் செருகிக்கொண்டு வந்தா. ஒரு சாவடியில் சோதித்த பெண் மாமியின் கொண்டையைக் கலைத்து, தலைமயிரை விரல் விட்டுக் கோதிப் பார்த்தாளாம். முதல்நாள் யாரோ கொண்டைக்குள் எதையோ கொண்டுபோய் அகப்பட்டிருந்தார்கள். பாணை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

கேள்வி: முகத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்களாமே?
– வாசகி, மாங்குளம்

சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே அதிகாரிகளைப் பயிற்றி, 2007 இலிருந்து ஏறக்குறைய 90 கோடி டொலர் செலவழித்தார்கள். 2013 இல் அவர்களுடைய அரச கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்துவிட்டு, முகத்தையும் நடத்தையையும் வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறமை காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம், அல்லது ஒரு சொட்டு மேல் என்றது. ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பையோடு இறங்கி நடந்தவர்கள் நாங்கள். சீருடையைக் கண்டால் எங்களுக்கு வியர்க்கும், குரல் இறங்கும், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுவோம். அவர்களுடைய பட்டியலில் இருக்கும் அடையாளம் முழுக்க ஒரு வன்னிக் குடும்பத்தில் ஒரே நேரத்தில் இருக்கும். நான் வேலைக்கு வந்து மூன்றாம் வருடம்வரை, என்னுடைய சொந்த வரிசையைக் கடந்து போகும்போதே எனக்குக் கை குளிரும்.

கேள்வி: முல்லைத்தீவுத் தேன், மாங்காய் ஊறுகாய், பனங்கட்டி, மிளகாய்த்தூள். எது கையில், எது பெட்டியில்? பவர் பாங்க் எதில்?
– புதுமணத் தம்பதி, விசுவமடு

தேனும் ஊறுகாயும் உங்களுக்குச் சாப்பாடு, அவர்களுக்குத் திரவம். பெட்டிக்குள் போடுங்கள். மூடியை ரேப்பால் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டுங்கள். பனங்கட்டியைக் கையில் கொண்டு போகலாம், ஆனால் திரையில் அது செம்மஞ்சள் கட்டி. பையைத் திறப்பார்கள், கோபப்படாதீர்கள். தூளைப் பெட்டிக்குள் போட்டால் நிம்மதி.

பவர் பாங்க் இதற்கு எதிர்மாறு, அது கட்டாயம் கையில்தான் இருக்கவேண்டும். லிதியம் பற்றரி தீப்பிடித்தால் மேலே உள்ளவர்கள் கண்டு அணைக்கலாம், கீழே சாமான் அறையில் யார் காண்பது? 100 வாற்று மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. கடையில் 20,000 என்று போட்டு விற்பது ஏறக்குறைய 74 வாற்று மணி, அது பிரச்சினை இல்லை. எண் அழிந்துபோன பழையதைக் கொண்டு போகாதீர்கள், பறித்துவிடுவார்கள்.

வயலுக்கு உரம் வீசிவிட்டு நேரே புறப்படுபவர்கள் கையை நன்றாகக் கழுவுங்கள். துணித்துண்டால் கையைத் துடைத்து மெஷினில் வைப்பார்கள். நைத்திரேற்று உரத்துக்கும் கிளிசரின் கிறீமுக்கும் அது சில நேரம் வெடிமருந்து என்று கத்தும். அவுஸ்திரேலியாவுக்குப் போனால் தேன், விதை, கருவாடு எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டவேண்டும். அது சுங்கம், என்னுடைய பகுதி இல்லை.

கேள்வி: எனக்கும் அண்ணாவுக்கும் ஒரே முகம். அவருடைய பாஸ்போட்டில் நான் போனால் கண்டுபிடிப்பார்களா? ஏஜென்சிக்காரர் சுகம் என்கிறார்.
– பெயர் வேண்டாம், வவுனியா

பெயர் போடவில்லை தம்பி, ஆனால் வழியும் சொல்லமாட்டேன். ஏஜென்சிக்காரர் சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்கிறேன். முன்பு ஓட்டை இருந்தது உண்மை. 2014 மார்ச்சில் காணாமல் போன எம்.எச். 370 விமானத்தில் இரண்டு இளைஞர்கள் களவுபோன ஒஸ்திரிய, இத்தாலியப் பாஸ்போட்டில் ஏறியிருந்தார்கள். விமானம் காணாமல் போனதற்கும் அவர்களுக்கும் தொடர்பு இருந்ததாக விசாரணையில் தெரியவரவில்லை, ஐரோப்பாவில் புகலிடம் தேடிப் போன ஈரானியர்கள். அந்த இரண்டு பாஸ்போட்டும் இன்ரர்போலின் களவுப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. ஏறும்போது யாரும் தட்டிப் பார்க்கவில்லை. அந்த நாளை நினைத்துத்தான் உன்னுடைய ஆள் இன்னும் கதை விடுகிறார். இப்போது ஐரோப்பாவில் 2025 ஒக்ரோபரிலிருந்து வெளிநாட்டவரின் முகத்தையும் விரல் அடையாளத்தையும் பதியத் தொடங்கிவிட்டார்கள். அண்ணாவின் முகம் உனக்கு இருக்கலாம், விரல் இருக்காது. காசு அவருக்குப் போகும், அகப்பட்டால் அண்ணாவின் பாஸ்போட்டும் சேர்ந்து போகும்.

கேள்வி: எங்களைச் சோதிக்கிறீர்கள். அங்கே வேலை செய்பவர்களை யார் சோதிப்பது?
– சங்கக்கடை முகாமையாளர், மல்லாவி

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். சங்கக்கடையில் எந்தப் பக்கத்தால் சீனி போகும் என்று தெரிந்தவர் கேட்டிருக்கிறார்.

2016 பெப்ரவரி 2, சோமாலியாவின் மொகடிஷுவில் ஏறிய ஒருவனின் லப்டொப்புக்குள் வெடிகுண்டு இருந்தது. சோதனைக்குப் பிறகு உள்ளே வைத்து இரண்டு பேர் அவனிடம் லப்டொப்பைக் கொடுப்பது கமராவில் பதிவாகியிருந்தது. ஒருவர் விமான நிலைய ஊழியர். விமானம் இன்னும் உயரத்துக்குப் போகாத நேரத்தில் வெடித்தபடியால் பக்கத்தில் ஓட்டை விழுந்து, அவன் ஒருவன் மட்டும் வெளியே இழுபட்டுச் செத்தான். மற்றவர்கள் தரையிறங்கினார்கள். முன்வாசலில் எத்தனை கோடிக்கு மெஷின் வைத்தும் என்ன?

எங்களுடைய இடத்திலும் ஊழியர் வாசல் தனி. எங்களையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆனால் சிகரெட் பிடிக்கப் போகிறவர்கள் கையாள ஒரு பக்கக் கதவு இருந்தது. திரும்ப அட்டை தேய்க்கும் பஞ்சிக்கு அதைத் தீயணைக்கும் சிலிண்டரால் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். நான் இரண்டு தரம் எழுதிக் கொடுத்தேன். முதல் தரம் சிலிண்டரை எடுத்தார்கள். இரண்டாம் தரம் கேட்டபோது, கதவு மூடித்தான் இருக்கிறது என்றார்கள். உண்மை, அன்றைக்கு மழை.

கேள்வி: அன்ரி, நீங்கள் பிடித்ததிலேயே பயங்கரமான சாமான் எது?
– 8 ஆம் வகுப்பு மாணவி, முள்ளியவளை

இடியப்ப உரல், பிள்ளை. பித்தளை உரல். எக்ஸ்றே துளைக்க மாட்டாத கனம். திரையில் கறுப்பாக ஒரு உருளை, அடியில் ஓட்டைகள், பக்கத்தில் இரண்டு கைப்பிடி. பக்கத்தில் இருந்த பெடியன் பெல்ற்றை நிற்பாட்டிவிட்டு சிவப்புப் பொத்தானில் கை வைத்துவிட்டான். நான் சிரித்துக்கொண்டு போய்ப் பையைத் திறந்தேன். கொண்டுவந்த அம்மா உரலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இது என்ர அம்மான்ர, தரமாட்டன்" என்கிறா. விதிப்படி எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றினோம், பார்த்தோம், மேலதிகாரி வந்து தானும் ஒருமுறை பிழிவது மாதிரி அமுக்கிப் பார்த்தார். மூடிக் கொடுத்தோம். அம்மா ஓடிப்போய்ப் பிளேனைப் பிடித்தா.

இரண்டு நாளுக்குப் பிறகு நான் விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தபோது, எங்கள் மேசைக்குக் கீழே, உருளைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உரலின் ஓட்டைத் தட்டு செருகிக் கிடந்தது. உள்ளங்கை அளவுப் பித்தளை. அதற்குள் ஆறு ஷிப்ற் மாறியிருந்தது. ஒவ்வொரு ஷிப்ற் தொடங்கும்போதும் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடம் சோதிக்கப்பட்டது" என்று கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். ஆறு கையெழுத்தும் இருந்தது. இரண்டு என்னுடையது.